தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் ஏதிலியருக்கான வேலைவாய்ப்பு உதவி

ஏதிலியருக்கான வேலைவாய்ப்பு உதவி என்பது போர், இனக்கலவரம், துன்புறுத்தல் முதலிய காரணங்களால் சொந்த நாட்டை விட்டு வெளியேறிய மக்கள், வந்து சேர்ந்த நாட்டில் உழைத்து வாழ்வதற்காக அரசும் தொண்டு நிறுவனங்களும் செய்து தரும் ஏற்பாடுகளைக் குறிக்கும். பணி அனுமதி, அடையாள ஆவணங்கள், மொழிப் பயிற்சி, தொழிற்பயிற்சி, பழைய கல்விச் சான்றிதழ்களுக்கு ஏற்பு பெறுதல், தொழில் தொடங்கக் கடன், வேலை தருவோரிடம் அறிமுகம் செய்து வைத்தல் ஆகியவை இதில் அடங்கும்.

தமிழ்நாட்டில் இந்தத் தேவை 1983ஆம் ஆண்டு முதல் பெரிய அளவில் இருந்து வருகிறது. பிற நாடுகளுக்குச் செல்லும் ஏதிலியர் வேலை தேடும்போது முதலில் முட்டிக்கொள்வது மொழித் தடையில்தான். இலங்கைத் தமிழருக்கு இங்கே அந்தத் தடை இல்லை. பள்ளியும் கல்லூரியும் பெருமளவுக்குத் திறந்திருந்தன. மாநில அரசு உதவித்தொகை, குடியிருப்பு, உணவுப்பொருள் ஆகியவற்றை வழங்கி வருகிறது. இருந்தும் முகாமில் பிறந்து வளர்ந்து பட்டம் பெற்றவர்களில் பலர் தினக்கூலி வேலைக்கே செல்கின்றனர். திறன் குறைவை விடச் சட்டநிலை, ஆவணம், நடமாட்டக் கட்டுப்பாடு ஆகிய மூன்றே இதற்குப் பெரிய காரணங்கள். அவை எவ்வாறு வேலைவாய்ப்பைத் தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை சேலம், நாமக்கல் மாவட்டங்களின் நிலையோடும் பிற நாடுகளின் அனுபவத்தோடும் சேர்த்து விளக்குகிறது.

சொற்கள்

அகதி, ஏதிலி ஆகிய இரண்டு சொற்களும் ஒரே பொருளில் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் இருந்த 'இலங்கை அகதிகள் முகாம்' என்ற பெயர் 2021 ஆகஸ்ட் மாதத்தில் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. பேச்சு வழக்கில் 'கேம்ப்' என்பதே பரவலான சொல்.

'தாயகம் திரும்பியோர்' என்பவர்கள் வேறு பிரிவினர். இவர்கள் பிரித்தானியர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றவர்களின் வழிவந்தவர்கள். ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்றுத் திரும்பியவர்கள். இவர்களையும் ஏதிலியரையும் ஒன்றாகக் கருதுவது பொதுவான குழப்பம். இரு பிரிவினருக்கும் கிடைத்த வேலைவாய்ப்பு உதவி பெரிதும் வேறுபட்டது.

வருகையின் பின்னணி

1983 ஜூலையில் இலங்கையில் நடந்த இனக்கலவரத்தைத் தொடர்ந்து தமிழர்கள் படகுகளில் ராமேசுவரம் கரைக்கு வரத் தொடங்கினர். 1987 வரையிலான முதல் கட்டத்தில் மட்டும் 1,34,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். 1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது இரண்டாம் கட்டமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். 1996லும் 2006லும் அடுத்த கட்டங்கள் நிகழ்ந்தன. எல்லாக் கட்டங்களிலும் சேர்த்து வந்தவர்களின் எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தாண்டும். இவர்களில் பெரும்பாலோர் பின்னர் இலங்கைக்குத் திரும்பினர் அல்லது வேறு நாடுகளுக்குச் சென்றனர்.

2021இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கணக்குப்படி 29 மாவட்டங்களில் இருந்த 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர் வசித்தனர். காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே 34,087 பேர் வசித்தனர். முகாமுக்கு வெளியே வாழ்பவர்களுக்கு அரசின் மாத உதவித்தொகை கிடையாது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள மண்டபம் முகாம், வந்து சேர்வோரைப் பதிவு செய்யும் முதல் இடமாக இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழகத்துத் தொழிலாளர்களை அனுப்பிய காலத்தில் அவர்களைத் தங்க வைத்துச் சோதித்த இடமும் இதுவே. அங்கிருந்து குடும்பங்கள் பல மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. எந்த ஊர் முகாம் கிடைத்ததோ, அந்த ஊரில் என்ன வேலை இருந்ததோ, அதுவே பல குடும்பங்களின் பிழைப்பாக அமைந்தது.

தாயகம் திரும்பியோருக்குக் கிடைத்த உதவி

1964இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்படி நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதாக 1974இல் ஒப்புக்கொள்ளப்பட்டது.

அவ்வாறு திரும்பியவர்களுக்காக அரசு நேரடியாகவே வேலைகளை உருவாக்கியது. நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அது 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டான்டீ) என்ற நிறுவனமானது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், வால்பாறை பகுதிகளில் உள்ள அதன் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலையும் தங்க வீடும் கிடைத்தன. கன்னியாகுமரி மாவட்டத்தின் அரசு ரப்பர் தோட்டங்களிலும் வேலை வழங்கப்பட்டது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்குக் கடன் வழங்க 1969இல் ரெப்கோ வங்கி நிறுவப்பட்டது.

இத்திட்டங்களில் குறைகளும் இருந்தன. வேலையும் வீடும் ஒரே தோட்டத்தோடு பிணைந்திருந்ததால், ஓய்வு பெற்றால் வீடும் போய்விடும் என்ற அச்சம் தொழிலாளரிடையே நீடித்தது. கழகம் நட்டத்தில் இயங்கி, தன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க 2022இல் முடிவானபோது அந்த அச்சம் மேலும் கூடியது. எனினும் குடியுரிமை கையில் இருந்ததால், தோட்ட வேலையை விட்டுக் கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ சென்று வேறு வேலை தேட அவர்களுக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. அவர்களின் பிள்ளைகள் அரசுத் தேர்வுகளை எழுதலாம், கடவுச்சீட்டு பெறலாம். 1983க்குப் பின் வந்த ஏதிலியருக்கு இந்த வழிகள் அடைபட்டிருந்தன.

சட்டநிலை

ஏதிலியர் நிலை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1951இல் உருவானது. கூலி வேலை, சொந்தத் தொழில், கல்வித் தகுதி சார்ந்த தொழில்கள் ஆகியவற்றில் ஏதிலியருக்குள்ள உரிமைகளை அதன் 17, 18, 19ஆம் பிரிவுகள் கூறுகின்றன. மூன்று ஆண்டுகள் வசித்துவிட்ட ஏதிலிக்கு, உள்நாட்டுத் தொழிலாளரைக் காக்க அயல்நாட்டவர் மீது விதிக்கப்படும் வேலைக் கட்டுப்பாடுகள் பொருந்தாது என்கிறது 17ஆம் பிரிவு. இந்த உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. ஏதிலியருக்கெனத் தனிச் சட்டமும் இந்தியாவில் இல்லை. எனவே இலங்கைத் தமிழர்கள் அயல்நாட்டவர் சட்டத்தின் கீழ் வந்தனர். முறையான கடவுச்சீட்டும் விசாவும் இன்றி வந்தவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்ற வரையறைக்குள் அடங்கினர்.

பிறப்பால் குடியுரிமை பெறும் விதியும் இதனுடன் இணைந்தது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் ஆவார். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு, ஒருவர் குடிமகனாக இருப்பதோடு மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலும் கூடாது. ஆகவே முகாமிலேயே பிறந்து, இலங்கையைப் பார்த்திராத இளைஞர்களில் மிகப் பலர் இந்தியக் குடிமக்கள் அல்லர். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டுமே குறிப்பிடுவதால் இலங்கைத் தமிழர் அதில் சேரவில்லை.

இந்தச் சட்டநிலை வேலைவாய்ப்பைப் பின்வரும் வழிகளில் பாதிக்கிறது:

அரசுப் பணி: மாநில, மத்திய அரசுத் தேர்வுகளுக்குக் குடியுரிமையோ, குறிப்பிட்ட பிரிவினருக்கு அரசு அளிக்கும் தகுதிச் சான்றோ தேவை.

வழக்கறிஞர் தொழில்: 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் பொதுவாக இந்தியக் குடிமக்களையே பதிவு செய்ய அனுமதிக்கிறது. சட்டம் படித்தாலும் பதிவு செய்வது கடினம்.

வெளிநாட்டு வேலை: இந்தியக் கடவுச்சீட்டு கிடைக்காததால், அயல்நாட்டுக்கு ஊழியரை அனுப்பும் நிறுவனங்களில் வாய்ப்பு சுருங்குகிறது.

சொந்தத் தொழில்: அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிகளின்படி இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இன்றி இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. அடமானம் வைக்க நிலமோ வீடோ இல்லாதவருக்குப் பெரிய கடன் கிடைப்பதில்லை. பட்டறை, கடை, வாகனம் என எதைத் தொடங்கினாலும் இந்த முதல் தேவை குறுக்கே நிற்கிறது.

தனியார் வேலை: தனியார் நிறுவனம் இவர்களை வேலைக்கு எடுக்கலாமா என்பதைத் தெளிவாகக் கூறும் ஆவணம் பணியாளர் கையில் இல்லை. ஆதார் அட்டை வசிப்பிடத்துக்கான அடையாளமே. அது குடியுரிமைச் சான்று அல்ல. நேர்முகத் தேர்வில் தேறிய பிறகு சான்றிதழ் சரிபார்ப்பின்போது வாய்ப்பை இழப்பது முகாம் பட்டதாரிகள் அடிக்கடி கூறும் குறை.

முகாமும் அன்றாட வேலையும்

2021இல் உயர்த்தப்பட்ட விகிதப்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயும், மற்ற பெரியவர்களுக்குத் தலா 1,000 ரூபாயும், 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தலா 500 ரூபாயும் வழங்கப்படுகின்றன. அதற்கு முன் இத்தொகைகள் முறையே 1,000, 750, 400 ரூபாயாக இருந்தன. கணவன், மனைவி, இரண்டு சிறு குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்குப் புதிய விகிதத்தில் மாதம் 3,500 ரூபாய் வரும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 117 ரூபாய். வீட்டு வாடகை இல்லை, அரிசி கிடைக்கிறது என்றாலும் பள்ளிச் செலவு, மருத்துவம், துணிமணி, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் இத்தொகை போதாது. எனவே முகாம்களில் உழைக்கக் கூடிய வயதில் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு கூலி வேலைக்குச் செல்கின்றனர்.

முகாம் ஆண்களிடையே மிகவும் பரவியுள்ள தொழில் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பது. இதற்குச் சில காரணங்கள் உண்டு. இத்தொழிலுக்கு முதலீடு குறைவு. மேஸ்திரி ஒருவரின் கீழ் சில மாதங்கள் வேலை செய்தாலே தொழில் கைக்கு வந்துவிடும். சான்றிதழோ அடையாள அட்டையோ எவரும் கேட்பதில்லை. கூலி அன்றன்றைக்கோ வாரக் கடைசியிலோ கைக்கு வரும். முகாமில் ஒருவர் தொழிலைக் கற்றால் உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்வார். கொத்து வேலை, டைல்ஸ் ஒட்டுதல், மின் கம்பி பொருத்துதல், சுமை தூக்குதல் ஆகியவையும் இவ்வாறே பரவின. பெண்கள் தையல், விவசாயக் கூலி, துணிக்கடை, சிறு தொழிற்கூடங்கள் ஆகியவற்றுக்குச் செல்கின்றனர்.

இந்த வேலைகளுக்கு ஒரு வரம்பும் இருந்தது. முகாமில் குறிப்பிட்ட நாட்களில் வருவாய்த் துறையினரும் காவல் துறையினரும் ஆட்களைக் கணக்கெடுப்பர். முகாம்வாசிகள் இதனைச் 'செக்கிங்' என்பர். அன்று ஆள் இல்லாவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படலாம். பதிவிலிருந்து பெயரும் நீக்கப்படலாம். தொலைவில் உள்ள ஊரில் தங்கி மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அதற்காகச் சம்பளத்தை இழந்து திரும்ப வேண்டும். முதலாளிக்கும் இது தொல்லை. எனவே காலையில் சென்று மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் கிடைக்கும் கூலி வேலையே பாதுகாப்பானதாகத் தோன்றியது. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்களின் மீதான கண்காணிப்பு பல மடங்கு கூடியது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் செல்வதற்கும் 1990களின் முற்பகுதியில் தடை இருந்தது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில்

சேலம் மாவட்டத்தில் குறுக்குப்பட்டி, பவளத்தானூர், தம்மம்பட்டி, செந்தாரப்பட்டி, நாகியம்பட்டி முதலிய ஊர்களிலும், நாமக்கல் மாவட்டத்தில் பரமத்தி வேலூர், மேட்டுப்பட்டி ஆகிய ஊர்களிலும் முகாம்கள் உள்ளன. பெரும்பாலானவை மாநகரை ஒட்டி அமையாமல், கிராமங்களையும் சிற்றூர்களையும் சார்ந்து அமைந்தவை.

இந்தச் சமவெளி தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு மிகுந்த பகுதிகளில் ஒன்று. பவளத்தானூரை அடுத்த தாரமங்கலம் நெசவுக்குப் பெயர் பெற்றது. சேலம் நகரில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் ஏராளம். ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் தயாரிக்கும் ஆலைகள் இயங்குகின்றன. தம்மம்பட்டி மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. நாமக்கல்லில் கோழிப் பண்ணைகளும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலும், பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் விசைத்தறியும் பெருகியுள்ளன. பரமத்தி வேலூர்க் காவிரிக் கரையில் வெற்றிலை, வாழை, கரும்பு வெல்லம் சார்ந்த வேலைகள் உண்டு.

இத்தொழில்களை வேலைவாய்ப்பு உதவியின் கண்ணோட்டத்தில் இரண்டாகப் பிரிக்கலாம். தறி, கொலுசு, பட்டறை, தோட்டம் ஆகியவை ஆவணம் கேட்காமல் ஆள் எடுப்பவை. ஆனால் பெரும்பாலும் சம்பள உயர்வு, சேமநிதி, காப்பீடு இல்லாதவை. ரிக் வண்டி, தொலைதூர லாரி ஆகியவை கூலி கூடுதலாகத் தருபவை. ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் தங்க வேண்டியவை. முகாமில் கணக்கெடுப்புக்கு வந்து நிற்க வேண்டிய ஒருவருக்கு இரண்டாவது வகை எட்டாது. மூன்றாவதாக நகரத்து அலுவலக வேலைகள் உள்ளன. மருத்துவமனைகளும் வணிக நிறுவனங்களும் நிறைந்த சேலம் ஃபேர்லேண்ட்ஸ், சொர்ணபுரி, அழகாபுரம் பகுதிகளில் கணக்காளர், ஆய்வக உதவியாளர், கணினி இயக்குநர், வரவேற்பாளர் போன்ற பணிகளுக்கு ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. வணிகவியலோ ஆய்வகத் தொழில்நுட்பமோ படித்த முகாம் இளைஞருக்கு இவை பொருத்தமானவை. தினமும் பேருந்தில் சென்று திரும்பக்கூடியவை. எனவே இம்மாவட்டங்களில் வேலைவாய்ப்பு உதவி உடனடியாகப் பலன் தரக்கூடிய இடம் இந்த மூன்றாவது வகையே. இதற்குத் தேவைப்படுவது வேலை தருவோரின் தயக்கத்தைப் போக்கும் ஓர் அரசுக் கடிதமும், அறிமுகம் செய்து வைக்கும் ஒருவரும்தான்.

உதவித் திட்டங்கள்

ஏதிலியரே நடத்தும் அமைப்புகளில் முதன்மையானது ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். தந்தை செல்வா எனப்படும் சா. ஜே. வே. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் இதனை 1984இல் தொடங்கினார். கல்வி உதவி, கணினிப் பயிற்சி, பெண்கள் குழுக்கள், சுருள்பாசி வளர்ப்பு, சமூக நலப் பணியாளர் பயிற்சி ஆகியவற்றை இது நடத்தியது. முகாமைச் சேர்ந்தவர்களையே பயிற்றுநர்களாகவும் பணியாளர்களாகவும் அமர்த்தியதால், பயிற்சியே ஒரு வேலையாகவும் அமைந்தது. இயேசு சபை ஏதிலியர் பணி அமைப்பு 1990 முதல் முகாம்களில் மாலை நேர வகுப்புகளும் தொழிற்பயிற்சியும் அளித்து வருகிறது.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டமன்றத்தில் விதி 110இன் கீழ் 317.40 கோடி ரூபாய் மதிப்பிலான நலத்திட்டங்களை அறிவித்தது. அதில் 7,469 வீடுகளை 231.54 கோடி ரூபாயில் புதிதாகக் கட்டித் தருவது பெரும்பகுதி. வேலைவாய்ப்பு தொடர்பாக, 5,000 முகாம் இளைஞர்களுக்குத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி அளிக்க 10 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கு முதலீட்டு நிதியும், கல்லூரி மாணவர்களுக்கு உயர்த்தப்பட்ட கல்வி உதவியும் அறிவிக்கப்பட்டன.

ஒதுக்கீட்டை ஒருவருக்கு எவ்வளவு என்று வகுத்தால் பயிற்சிக்குத் தலா 20,000 ரூபாய் வருகிறது. குறுகிய காலத் தையல், கணினி, ஓட்டுநர், குளிர்சாதனப் பழுது நீக்கும் பயிற்சி போன்றவற்றுக்கு இத்தொகை போதுமானது. ஆனால் பயிற்சி முடித்தவர் எங்கே, என்ன சம்பளத்துக்கு, எத்தனை மாதம் வேலையில் நீடித்தார் என்று பார்த்தால்தான் திட்டத்தின் பயனை அளக்க முடியும். சான்றிதழ் பெற்றவர் மீண்டும் பெயிண்ட் தூரிகையைக் கையில் எடுத்தால் பயிற்சியின் நோக்கம் நிறைவேறவில்லை என்றே பொருள்.

சுய உதவிக் குழுக்களுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. குழுக்கடனுக்குச் சொத்து அடமானம் தேவையில்லை. உறுப்பினரின் சேமிப்பும் ஒருவருக்கொருவர் அளிக்கும் பொறுப்புமே ஈடு. சொத்து வாங்க முடியாத ஏதிலியருக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. எனினும் குழுக்கடன் ஆடு வளர்ப்பு, மளிகை, தையல் போன்ற சிறு தொழில் அளவிலேயே நின்றுவிடும். பத்துப் பேருக்கு வேலை தரும் தொழிற்கூடமாக வளர வங்கிக் கடனும் நிலையான முகவரியும் தேவைப்படுகின்றன.

இந்தியாவில் பிற ஏதிலியர்

1959க்குப் பின் வந்த திபெத்தியர்களுக்கு இந்தியா வேறு வழியைப் பின்பற்றியது. கர்நாடகத்தின் பைலகுப்பே உள்ளிட்ட இடங்களில் விவசாய நிலத்துடன் குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. பதிவுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. குளிர்காலத்தில் நகரங்களில் கம்பளி ஆடை விற்பது அவர்களின் முக்கியத் தொழிலானது. தமிழகத்து நகரங்களிலும் அவர்களின் தற்காலிகக் கடைகளைக் காணலாம். 2014இல் மத்திய அரசு வெளியிட்ட திபெத்தியர் மறுவாழ்வுக் கொள்கை, தொழில் உரிமங்களும் நலத்திட்டங்களும் அவர்களுக்குக் கிடைக்க வழி செய்யுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

2011 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் வகுத்த நடைமுறைப்படி, ஏதிலியராகக் கோரிக்கை வைக்கும் அயல்நாட்டவரில் தகுதியுடையோருக்கு நீண்டகால விசா வழங்கலாம். அந்த விசா பெற்றவர் தனியார் துறையில் வேலை செய்யலாம். கல்வி நிறுவனங்களில் படிக்கலாம். ஒரே ஒரு தாள் வேலை தருவோரின் ஐயத்தைத் தீர்க்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. முகாம்வாழ் இலங்கைத் தமிழருக்கும் இதற்கு இணையான ஆவணம் வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை.

பிற நாடுகளின் அனுபவம்

கனடாவில் 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அருகே உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டனர். பின்னர் டொராண்டோ, உலகில் ஈழத்தமிழர் மிகுதியாக வாழும் நகரங்களில் ஒன்றானது. அங்கு ஏதிலிக் கோரிக்கை விசாரணைக்கு அனுப்பப்பட்டு மருத்துவப் பரிசோதனையும் முடிந்த பின், தீர்ப்புக்குக் காத்திருக்கும்போதே பணி அனுமதி பெறலாம். சமூகக் காப்பீட்டு எண்ணும் கிடைக்கும். தற்காலிகமாக வசிப்போரின் எண் 9 என்ற இலக்கத்தில் தொடங்கும். 1992 முதல் குடியேறிகளுக்கு இலவச மொழி வகுப்புகள் நடைபெறுகின்றன. எனினும் இலங்கையில் மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆசிரியராகவும் இருந்த பலர் தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்தனர். பழைய பட்டங்களுக்கு ஏற்பு கிடைக்காததே காரணம்.

சுவிட்சர்லாந்தில் தமிழர்கள் உணவகச் சமையலறைகளிலும், நோர்வேயின் வடபகுதியில் மீன் பதனிடும் ஆலைகளிலும் தொடக்கத்தில் வேலை பெற்றனர். நோர்வே 2004 முதல் ஏதிலியருக்கு முழுநேர அறிமுகத் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. மொழி, சமூக அறிவு, வேலைப் பழக்கம் ஆகியவற்றைக் கற்கும் காலத்தில் பங்கேற்பவருக்கு உதவிப்பணம் வழங்கப்பட்டது. கற்கும் காலத்தில் குடும்பம் பட்டினி கிடக்காது என்பதால் கூலி வேலைக்கு ஓடும் அவசரம் குறைந்தது.

வளரும் நாடுகளிலும் முன்மாதிரிகள் உண்டு. உகாண்டாவின் 2006ஆம் ஆண்டு ஏதிலியர் சட்டம் வேலை செய்யவும் நடமாடவும் உரிமை அளிக்கிறது. குடியிருப்புகளில் பயிரிடச் சிறு நிலமும் தரப்படுகிறது. ஜோர்தான் 2016இல் சர்வதேச நிதி உதவிக்கு ஈடாக, சிரிய ஏதிலியருக்கு இரண்டு லட்சம் வேலை வாய்ப்புகளைத் திறந்துவிட ஒப்புக்கொண்டது. உகாண்டாவும் ஜோர்தானும் பணக்கார நாடுகள் அல்ல. எனவே வேலை உரிமை அளிப்பது செல்வ நாடுகளால் மட்டுமே இயலும் என்ற வாதம் நிற்பதில்லை.

பயனுள்ள உதவியின் கூறுகள்

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து ஏதிலியருக்கான வேலைவாய்ப்பு உதவியின் வரிசை முறையைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

1. வேலை செய்யலாம் என்பதை வெளிப்படையாகக் கூறும் ஆவணம். இது இல்லாவிட்டால் அடுத்த படிகள் பாதியில் நின்றுவிடும்.

2. நடமாட்ட வசதி. வேலை நிமித்தம் வெளியூரில் தங்குவோருக்குக் கணக்கெடுப்பிலிருந்து விலக்கோ, தங்கும் ஊரிலேயே பதிவு செய்யும் வசதியோ தேவை.

3. உள்ளூர்த் தொழிலுக்கு ஏற்ற பயிற்சி. எல்லா முகாமுக்கும் ஒரே தையல் வகுப்பு என்பதை விட, நாமக்கல்லில் வாகனப் பழுது நீக்கம், தாரமங்கலத்தில் தறி இயந்திரப் பராமரிப்பு, சேலத்தில் மருத்துவமனைத் துணைப் பணிகள் என்று திட்டமிடுவது பயன் தரும்.

4. கையில் உள்ள தொழிலுக்குச் சான்று. இருபது ஆண்டுகள் பெயிண்ட் அடித்தவரின் திறனைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கினால் அவர் ஒப்பந்தக்காரராக உயர வாய்ப்புண்டு.

5. அடமானமில்லாக் கடன், வங்கிக் கணக்கு, காப்பீடு.

6. திரும்பிச் செல்ல விரும்புவோருக்கு, இலங்கையிலும் செல்லத்தக்க கல்விச் சான்றுகளும் பிறப்புச் சான்றுகளும். தமிழ்நாட்டில் பெற்ற திறன் அங்கும் உதவினால்தான் திரும்புதல் உண்மையான விருப்பத் தேர்வாக அமையும்.

அண்மைய மாற்றங்கள்

சட்டநிலையில் சில நகர்வுகள் ஏற்பட்டுள்ளன. 1987 ஜூலை 1க்கு முன் முகாமில் பிறந்த ஒருவர் பிறப்பால் இந்தியக் குடிமகன் என்பதை ஏற்று, அவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் வெளியான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமை தொடர்பான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. குற்றவாளி என்ற அச்சத்தை இந்த ஆணை நீக்குகிறது. ஆனால் குடியுரிமையையோ வேலை அனுமதியையோ அது தானாக அளிப்பதில்லை.

1983இல் கைக்குழந்தையாக வந்தவர் இன்று நாற்பது வயதைக் கடந்தவர். அவருடைய பிள்ளைகள் இப்போது கல்லூரியில் படிக்கின்றனர் அல்லது படித்து முடித்து வேலை தேடுகின்றனர். முதல் தலைமுறைக்கு முகாம் ஒரு தற்காலிகத் தங்குமிடம். மூன்றாம் தலைமுறைக்கு அதுவே சொந்த ஊர். இந்தத் தலைமுறையின் படிப்புக்காக ஏற்கெனவே செலவிடப்பட்ட பணமும் உழைப்பும் பயன் தருவதும் வீணாவதும், வேலை தருவோர் கேட்கும் அந்த ஓர் ஆவணம் கிடைப்பதைப் பொறுத்தே அமையும்.